தரங்கம்பாடிக்குப் போய் என்ன செய்வது?

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணமோ எண்பதாம் கல்யாணமோ முடிந்து, இலைச் சாப்பாடும் ஆகி, உறவுக்கூட்டம் வேனில் ஏறும்போது யாராவது ஒருவர் சொல்வார்: “தரங்கம்பாடி இங்கதான பக்கத்துல, ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம்.” தூரமும் அதிகமில்லை. வேன் கோட்டைக்கு எதிரே போய் நிற்கும். கோட்டைக்குள் கால்மணி நேரம், மதில்மேல் நின்று படம், மணலில் அரைமணி, சுண்டல், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று. பிறகு வெயில் தாளவில்லை என்று வண்டி மயிலாடுதுறைக்கோ காரைக்காலுக்கோ திரும்பிவிடும். வந்தவர்களைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அதற்குமேல் அந்த ஊரில் என்ன இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. சோழமண்டலக் கரையின் பழைய துறைமுகங்கள் பலவற்றிலும் இதே கதைதான். பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைகளைப் பார்த்துவிட்டு ஏரியில் படகேறுகிறார்கள்; சதுரங்கப்பட்டினத்துக் கோட்டை வாசலில் வண்டியை நிறுத்தாமலே பலர் மாமல்லபுரம் போய்விடுகிறார்கள். மாமல்லபுரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. அங்கே செதுக்கிய பாறையே கண்ணை இழுத்து நிறுத்திவிடும். தரங்கம்பாடியில் அப்படித் தானாகப் பேசும் கல் இல்லை. ஆகவே அங்கே பயணி என்ன செய்வது என்பது தனியாக யோசிக்க வேண்டிய கேள்வி.

இதற்கு வழக்கமாக இரண்டு விடைகள் கிடைக்கின்றன. ஒன்று, பட்டியல்: டேனிஷ் கோட்டை, அதனுள் அருங்காட்சியகம், நகர வாசல், சீயோன் ஆலயம், புதிய எருசலேம் ஆலயம், ஆளுநர் மாளிகை, மாசிலாமணிநாதர் கோயில், கடற்கரை. எல்லாம் நடந்து தீரும் தொலைவில் இருப்பதால், வேகமாகப் போகிறவர் இரண்டு மணி நேரத்தில் முழுப் பட்டியலையும் முடித்துவிடலாம், முடித்தபின் “அவ்வளவுதானா?” என்ற சலிப்பு மிஞ்சும். இரண்டாவது விடை, புதிதாக எதையாவது கட்டுவது: படகுச் சவாரி, வண்ண விளக்கு, ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்தில் நிறுத்திப் படமெடுக்க ஒரு மேடை. இவை எந்தக் கடற்கரைக்கும் பொருந்தும் என்பதே இவற்றின் கோளாறு. எதற்கும் பொருந்துவதைப் பார்க்க ஒருவர் இந்த ஊருக்கு வர வேண்டியதில்லை. வேறெங்கும் செய்ய முடியாத எதை இங்கே செய்யலாம் என்பதே சரியான அளவுகோல். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், கோட்டையைவிடவும் கடலைவிடவும் தெருக்கள்தான் தரங்கம்பாடியின் முதன்மைக் காட்சி என்றும், பயணி செய்ய வேண்டியது அவற்றின் வழியே ஊரைக் கடலிலிருந்து வாசல் வரைக்கும் வரிசையாக நடந்து பார்ப்பது என்றும் தெரியவரும்.

அருங்காட்சியகத்திலிருந்து தொடங்கலாம். இந்த ஊரின் வரலாற்றில் மிக அரிய ஆவணங்கள் இந்த ஊரில் இல்லை. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்டியானுக்குப் பொன்னேட்டில் தமிழில் எழுதி அனுப்பிய மடல் கோபன்ஹேகனில் இருக்கிறது. சமயம் பரப்ப வந்த போதகர் சீகன்பால்க் எழுதியனுப்பிய கடிதங்கள், அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் சேர்த்த ஓலைச்சுவடிகள், தமிழர்கள் சமயம் பற்றியும் வாழ்க்கை பற்றியும் எழுதித்தந்த பதில்களின் மொழிபெயர்ப்புகள் ஆகியவற்றின் பெரும்பகுதி ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் பாதுகாக்கப்படுகிறது. கோட்டைக்குள் எஞ்சியிருப்பவை பீங்கான், சுடுமண், ஆயுதம், சில ஆவணங்கள் எனச் சிறிய தொகுப்பு. அதைக் கேவலமாகச் சொல்லவில்லை. 1970களின் இறுதிவரை பொதுப்பணித்துறையின் பயணியர் விடுதியாக இருந்த கட்டடத்தை மாநிலத் தொல்லியல் துறை எடுத்து அருங்காட்சியகம் ஆக்கியதே நல்ல காரியம். ஆனால் ஏடும் எழுத்தும் வெளியே போய்விட்ட ஊரில், எடுத்துப்போக முடியாதது எதுவோ அதுவே மிச்சம். தெருவின் திசை, வீட்டின் வாசல், சுவரின் நீளம், கடலுக்கும் ஊருக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றைக் கப்பலேற்ற முடியாது.

கோட்டைக்கும் உரிய இடம் உண்டு. ஓவே கெட்டே என்ற கடற்படைத் தலைவர் 1620இல் நாயக்கரோடு செய்த உடன்படிக்கையின் பேரில் எழுந்தது அது. நிலம் விலைக்கு வாங்கியதல்ல, ஆண்டுதோறும் பணம் கட்டி அனுபவித்தது. கீழ்த்தளத்தில் வளைவுக் கூரைகொண்ட அறைகள்: கிடங்கு, வெடிமருந்துச் சாலை, சிறை. மேல்தளத்தில் ஆளுநரின் வசிப்பிடமும் வழிபாட்டு அறையும். மேலே தொழுகை, கீழே மிளகு, துணி, கைதி. ஒரு வாணிபக் கம்பெனியின் ஒழுங்கு முழுவதையும் இந்த இரண்டு தளங்களிலேயே படித்துவிடலாம். அந்தச் சீகன்பால்க்கையே, தன் அதிகாரத்துக்குக் குறுக்கே நிற்கிறார் என்று கோட்டைத் தளபதி 1708இல் பிடித்து நான்கு மாதம் அடைத்து வைத்தார். அரசர் அனுப்பிய போதகரும் அரசரின் பெயரால் ஆண்ட கம்பெனி அதிகாரியும் எதிரெதிரே நின்ற இடம் என்று தெரிந்துகொண்டு அந்தக் கீழறைகளுக்குள் போகிறவருக்கு, கால்மணி நேரம் போதாது. தெரியாமல் போகிறவருக்கு அது வௌவால் நாற்றமடிக்கும் இருட்டறை, அவ்வளவே.

கடற்கரை பற்றி ஒரு சொல். உலகிலேயே ஓசோன் மிகுந்த கரைகளில் இது இரண்டாவது என்று பல ஆண்டுகளாக ஒரு பேச்சு உலவுகிறது; சுற்றுலாப் பிரசுரங்களிலும் ஏறிவிட்டது. தரைமட்டத்தில் மிகும் ஓசோன் மூச்சுக்குழலை எரிச்சலூட்டும் மாசு என்பது பள்ளிப்பாடத்திலேயே இருக்கிறது. அப்படியொரு பெருமை உண்மையானால் மக்களை வரவேண்டாம் என்றுதான் எச்சரிக்க வேண்டியிருக்கும். நல்ல காற்று வீசுகிறது என்று சொன்னால் போதாதா? வரலாறு குவிந்து கிடக்கும் ஊரை விற்க ஒரு பொய்யறிவியல் தேவைப்பட்டது என்றால், உள்ள வரலாற்றைச் சொல்லத் தெரியவில்லை என்றே பொருள். அதைவிட, மீன்பிடிப் படகுகள் ஏறியிறங்கும் இந்தக் கரையில் குளிப்பது பாதுகாப்பானதும் அல்ல; இழுப்பு பலமான கடல்.

ஆனால் கடல்தான் இந்த ஊர் வரலாற்றில் முதல் பாத்திரம். அதைக் கண்ணால் காண மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் போக வேண்டும். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் இது. டேனியர் கால் வைப்பதற்கு 300 ஆண்டுகளுக்கும் முன்பே இங்கே கோயில் கட்டும் அளவுக்குச் செல்வமுள்ள ஒரு பட்டினம் இருந்தது என்பதற்கு அதன் கல்வெட்டே சாட்சி. சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம் என்ற ஊர்ப்பெயர்கள் அதில்தான் வருகின்றன. கட்டியபோது அலை வாசலில் மோதும் இடத்தில் யாரும் கோயில் கட்டியிருக்க மாட்டார்கள். கடல் மெல்ல மெல்ல ஏறிவந்து முன்மண்டபங்களைத் தின்றது. எஞ்சிய பகுதிக்கு முன்னால் கருங்கற்களைக் கொட்டித் தடுப்பு போட்டு, பின்னர் திருப்பணியும் செய்து வழிபாட்டைத் தொடர்கிறார்கள். கோட்டைக்கும் கடலுக்கும் நடுவே இருந்த அரண்களும் இப்படியே போயின. சீகன்பால்க் 1707இல் கட்டிய முதல் எருசலேம் ஆலயமும் கடலோரத்தில் நிலைக்கவில்லை. அதனால்தான் ஊருக்குள் 1718இல் புதிய எருசலேம் ஆலயம் வந்தது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையில் செய்த அழிவு நம் நினைவில் இருப்பதால் அதைத் தனி நிகழ்வாக எண்ணுகிறோம். கோயிலடியில் நின்று பார்த்தால், 700 ஆண்டு நீண்ட ஒரு கணக்கின் கொடூரமான ஒரு வரி அது என்பது விளங்கும். எனவே, நடையைக் கோட்டையில் தொடங்காமல் கோயிலில் தொடங்குவது நல்லது. கோட்டையில் தொடங்கினால் ஊர் 1620இல் பிறந்ததாக மனத்தில் பதிந்துவிடும். பிறகு அதைத் திருத்துவது கடினம்.

கோயிலிலிருந்து கோட்டைக்கு முன்னுள்ள அணிவகுப்புத் திடல் வழியாக மேற்கே திரும்பினால் ராஜ வீதி. இந்த ஒரு தெருவுக்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். ஒரு பக்கம் 1701இன் சீயோன் ஆலயம். சற்றுத் தள்ளி 1718இன் புதிய எருசலேம் ஆலயம். இரண்டும் ஒரே சபைப் பிரிவைச் சேர்ந்த கிறித்தவர்களுக்கு, ஒரே தெருவில், 17 ஆண்டு இடைவெளியில் கட்டப்பட்டவை. ஏன் இரண்டு? முதலாவது டேனியருக்கு, இரண்டாவது தமிழருக்கு. புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பை அண்ணாந்து பார்த்தால் நான்காம் பிரெடெரிக் மன்னரின் முடியிட்ட பெயர்ச் சின்னமும் 1718 என்ற ஆண்டும் தெரியும். உள்ளே சீகன்பால்க்கின் கல்லறை. கட்டடம் சிலுவை வடிவம். அந்த வடிவத்தின் கைகளில் வெவ்வேறு இடங்களில் மக்கள் உட்கார்ந்தார்கள். வெள்ளாளர் ஒரு பக்கம், பறையர் ஒரு பக்கம் என்று சாதி பார்த்து உட்காரும் வழக்கம் இந்தச் சபையில் நெடுங்காலம் இருந்தது. வெள்ளையருக்கும் தமிழருக்கும் நடுவே ஒரு சுவர், தமிழருக்கும் தமிழருக்கும் நடுவே இன்னொரு சுவர். அந்நியர் கொண்டுவந்ததும் நாம் விட்டுக்கொடுக்காததும் ஒரே தெருவில் கிடைக்கும் இந்தப் பாடத்தை எந்த அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளும் வைக்க முடியாது.

தெருவின் மேற்குக் கோடியில் நகர வாசல். இப்போது நிற்பது 1792இல் எழுந்தது. வெள்ளையடித்த தடித்த சுவர், நெற்றியில் டேனிய அரச முத்திரை, ஊடே போகும் இருசக்கர வாகனங்கள். இந்த வாசலுக்குள்ளே இருந்த அனைத்தையும், வங்காளத்தில் தங்களுக்கிருந்த செராம்பூரோடு சேர்த்து, 1845இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 12.5 லட்சம் ரூபாய்க்கு டேனியர் விற்றார்கள். அதற்குப்பின் சில ஆண்டுகள் தஞ்சை மாவட்ட நிர்வாகமே இங்கே இருந்தது. மாயூரம் வேதநாயகம் பிள்ளை மாயூரத்துக்கு மாறுமுன் முன்சீபாக இருந்தது இங்கேதான். 1861இல் நாகப்பட்டினத்திலிருந்து ரயில் ஓடத் தொடங்கியதும் துறைமுகப் போட்டி முடிந்தது. ஊர் ஏழையாயிற்று, ஏழையானதால் தெருக்கள் இடிபடாமல் தப்பின. பணம் புழங்கியிருந்தால் இந்த வாசல் சாலை விரிவாக்கத்தில் எப்போதோ போயிருக்கும்.

தரங்கம்பாடி என்றதும் பலர் நினைவுக்கு வருவது அச்சு. இங்கே சற்று நிதானம் வேண்டும். தமிழின் முதல் அச்சுநூல் இங்கே வரவில்லை. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சாகிவிட்டது. அச்சுப்பொறி தரங்கம்பாடிக்கு வந்தது 1712இல். ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் அடுத்த ஆண்டில் வந்தன. 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக வெளியாயிற்று. வந்த எழுத்து பெரிதாக இருந்து தாளைத் தின்றதால், சின்ன எழுத்துகளைப் பக்கத்துப் பொறையாறில் வார்த்தார்கள். தாள் செய்யவும் அங்கே ஆலை வைத்தார்கள். முதலாவது என்ற பட்டத்தைவிட இதுதான் பெரிய செய்தி. எழுத்து, தாள், அச்சு, பள்ளிக்கூடம் நான்கும் ஒரே வட்டாரத்தில் ஒரு தொழிலாகக் கூடியது இங்கே. அதற்குப் பின்னால் உள்ளூர்க்காரர்கள் இருந்தார்கள். சீகன்பால்க்குக்குத் தமிழ்ப் பேச்சும் வழக்கும் விளக்கிய அழகப்பன் ஒருவர். சீகன்பால்க்குக்கு ஓலைகள் படித்துக் காட்டிய திண்ணை வாத்தியார் இன்னொருவர். நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களைச் சேர்த்து 1708இலேயே சீகன்பால்க் விவரப்பட்டியல் எழுத முடிந்தது இவர்களைப் போன்றோரால்தான். தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி அவர் 1713இல் எழுதிய நூல், அவரை அனுப்பியவர்களுக்குப் பிடிக்காமல், 1867இல்தான் சென்னையில் அச்சேறியது. அச்சுக்கூடத்தின் ஒரு சுவரைக்கூட இன்று சுட்டிக்காட்ட முடியாத ஊரில் இவற்றைச் சொல்ல மனிதர்கள் வேண்டும், பலகை போதாது.

வாசலிலிருந்து திரும்பும்போது ராஜ வீதியை விட்டு விலகிப் பொற்கொல்லர் தெரு போன்ற சிறு தெருக்களுக்குள் நுழைவது அவசியம். டேனியர் பேரால் அறியப்படும் ஊரின் பெரும்பாலான பழைய வீடுகள் தமிழ் வீடுகள்: மரத்தூண் தாங்கும் திண்ணை, நாட்டு ஓட்டுச் சரிவு, நடுவே முற்றம். ஆழிப்பேரலைக்குப் பிறகு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு பொற்கொல்லர் தெருவில் சில வீடுகளைச் சுண்ணாம்புச் சாந்தும் பழைய முறை மரவேலையும் கொண்டு செப்பனிட்டது. டேனிய வீடுகளின் முன்தாழ்வாரத்தையும் இந்தத் திண்ணைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், வெயிலும் உப்புக்காற்றும் இரண்டு தரப்புக் கொத்தனார்களுக்கும் ஒரே விடையைச் சொல்லிக்கொடுத்திருப்பது தெரியும். திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்கள் குடியிருப்பவர்கள் என்பதை மறந்து படம்பிடிக்கக் கூடாது என்பது தனியே சொல்லத் தேவையில்லாத மரியாதை. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்படி நடக்கச் சொல்வதை ஏற்காதவர்கள் மூன்று காரணம் சொல்கிறார்கள். முதலாவது, அடிமைக்காலத்தை அழகு பார்ப்பதற்கு இத்தனை ஏற்பாடா என்பது. டென்மார்க்கிலிருந்து வரும் உதவி, அரச குடும்பத்தின் அக்கறை, தேசிய அருங்காட்சியகத்தின் துணையோடு மீண்ட ஆளுநர் மாளிகை எல்லாம் இந்த ஐயத்தை வலுப்படுத்துகின்றன. டேனியர் இங்கே சிறிய சக்தியாக இருந்ததால் அவர்களை ஏதோ விருந்தாளிகளைப் போல வருணிக்கும் பழக்கமும் உண்டு. அந்த மிட்டாய்ப் பேச்சு எனக்கும் உடன்பாடில்லை. மருந்து கட்டடங்களை மறைப்பதில் இல்லை. கோட்டையை மட்டும் பார்க்கிறவருக்குத்தான் அது அந்நியரின் வீரக்கதை. கோயிலிலிருந்து புறப்பட்டு, இரண்டு ஆலயங்களுக்கு நடுவே நின்று, விற்றுவிட்டுப் போனவர்களின் வாசலைத் தொட்டு, ஓட்டு வீட்டுத் தெருவழியே திரும்புகிறவருக்கு, பாண்டியர், நாயக்கர், மரக்காயர், மீனவர் இவர்களுக்கு நடுவே 225 ஆண்டுகள் குடியிருந்து கணக்கு முடித்துப் போன ஒரு கம்பெனியின் கதையாக அது சுருங்கிவிடும். அதுவே அதன் சரியான அளவு.

இரண்டாவது காரணம் நடைமுறை சார்ந்தது: வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு சித்திரை வெயிலில் தெருத்தெருவாக யார் நடப்பார்கள்? கழிப்பறை எங்கே, நிழல் எங்கே, உட்கார இடம் எங்கே? இது நியாயமான கேள்வி. படமெடுக்கும் மேடைக்குச் செலவிடும் பணத்தில் ராஜ வீதியில் மரநிழலும் கல்பெஞ்சும் சுத்தமான கழிப்பறையும் வரட்டும். ஆனால் வெயிலுக்குச் சரியான மருந்து நேரம். விடிகாலையிலோ நான்கு மணிக்கு மேலோ நடக்கலாம். அதற்கு ஓர் இரவு ஊரில் தங்க வேண்டும். நண்பகலில் வந்து நண்பகலிலேயே போகும் வேன் பயணத்துக்கு இந்த ஊர் தோதுப்படாது. தங்கினால் ஊருக்கும் வருமானம் உண்டு; சுண்டலோடு முடிகிற வருகையில் ஊருக்கு மிஞ்சுவது காலி நெகிழிப்பைதான். இங்கே புதுச்சேரியின் எச்சரிக்கையையும் வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே கடலோரப் பழைய தெருக்களில் வீடுகள் ஒவ்வொன்றாக விடுதியாகவும் காபிக்கடையாகவும் மாறின. சுவரின் நிறம் காப்பாற்றப்பட்டது, குடித்தனம் குறைந்தது. தரங்கம்பாடியில் வீட்டுக்காரர் குடியிருந்துகொண்டே ஓர் அறையை விருந்தினருக்கு விடும் முறைக்கு உதவினால் அந்த வழியில் போகாமல் தப்பலாம்.

மூன்றாவது காரணம் கனமானது, மீனவருடையது. ஆழிப்பேரலைக்குப் பின் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் புது வீடு பெறலாம், பழைய மனையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பது அரசின் ஏற்பாடு. பாதுகாப்புக்குத்தான் அது. ஆனால் கரையோரத்துப் பழைய பங்களா கடலைப் பார்த்த சொகுசு விடுதியாக இருக்கலாம், மீன் பிடிக்கிறவன் இருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்வது எளிதல்ல. சுற்றுலா வளர வளர, படகு நிற்கும் இடமும் வலை காயும் இடமும் கருவாடு போடும் மணலும் ‘அழகுபடுத்த’ வேண்டிய இடங்களாக அதிகாரிகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். நான் சொல்லும் நடையில் ஒரு நன்மை, அது கரையைக் கேட்பதில்லை. தெருவைத்தான் கேட்கிறது. காலையில் படகு வந்து மீன் ஏலம் போகும்போது பயணி தள்ளி நின்று பார்க்கலாம், வாங்கலாம். அங்கே நாற்காலி போட்டு நடைபாதை அமைக்க வேண்டியதில்லை. அந்தக் கரை ஒரு வேலைத்தலம்.

ஆக, செய்ய வேண்டிய செலவு கட்டடத்தில் குறைவு, ஆளில் அதிகம். பொறையாறு வட்டாரத்துக் கல்லூரிப் பிள்ளைகளில் சிலருக்குக் கல்வெட்டுச் செய்தியும் ஆலய வரலாறும் அச்சு வரலாறும் கற்பித்து, உரிமம் கொடுத்து, நடைக்கு இவ்வளவு என்று கட்டணம் நிர்ணயித்தால் ஓசோன் கதையும் தானே மறையும். கூடவே போக்குவரத்து. 1926இல் மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு வந்த மீட்டர்கேஜ் ரயிலை 1980களில் நிறுத்திவிட்டார்கள். அதைத் திரும்பக் கேட்டு வட்டாரத்தில் இன்னும் மனு கொடுக்கிறார்கள். அது வரும்வரை, மயிலாடுதுறை ரயில்களின் நேரத்தை ஒட்டிக் காலையில் ஒன்று, இரவு ஏழு மணிக்கு மேல் ஒன்று எனப் பேருந்து உறுதியாக ஓடினாலே, வாடகை வேனின் காத்திருப்புக் கட்டணத்துக்குப் பயந்து கோட்டை வாசலோடு திரும்பும் குடும்பங்களில் சில ராஜ வீதிக்குள் நுழையும்.